கேபிள் போகலை அண்ணாச்சி, டிரைவர்தான் போச்சு!

ரொம்ப நாளைக்கு அப்புறம் ஒரு கோபப் பதிவு. கோபம் ஆறட்டும், அப்புறம் எழுதலாம்னு ஒரு வருஷம் பொறுத்துப் பார்த்தேன். ஆறலை. அதனால எழுதிட்டேன். கொஞ்சம் நீளம்தான், டீயைக் கையில எடுத்துக்கிட்டே வாசிங்க.

முதல்ல சொந்தக் கதை, சோகக் கதை.

போன வருஷம் சாரல் சீசன். குற்றாலத்துல கூட்டம் அலைமோத, எங்க பண்பொழியில மேக்கரைப் பக்கமிருந்து காத்து தூக்கிக்கிட்டு இருந்த நேரம். மாங்காய் வரத்து முடியுற சமயம். ஊருக்குள்ள எனக்கு வேண்டிய அண்ணாச்சி ஒருத்தர், மாங்காய், எலுமிச்சை, தேங்காய் எல்லாம் எடை போட்டு வாங்கி வெளியூருக்கு லாரி ஏத்தி விடுறவர். கடையில ஒரு எலக்ட்ரானிக் தராசு. தராசுக்குப் பின்னாடி ஒன்பது ஊசி வச்ச பழைய சீரியல் போர்ட். அதுல இருந்து ஒரு யூஎஸ்பி கேபிள் கம்ப்யூட்டருக்குப் போகும். மூட்டையைத் தூக்கி வச்சா எடை நேரா பில்லுல ஏறிடும். ஆறு வருஷமா ஒருநாள் கூட நின்னது கிடையாது. (அந்த பில் புரோகிராமை எழுதிக் கொடுத்தது அடியேன். ஹி ஹி. அதனாலதான் முதல் போன் எனக்கு வந்தது.)

"ஏ தம்பி, எடை ஏற மாட்டேங்கு. வாசல்ல பத்து வண்டி நிக்கு."

நான் அன்னிக்கு ஒரு கல்யாணத்துக்காக திருநெல்வேலியில இருந்தேன். போன்லயே கழட்டி மாட்டச் சொன்னேன், ஆஃப் பண்ணி ஆன் பண்ணச் சொன்னேன். ஒண்ணும் நடக்கலை. "சரி அண்ணாச்சி, இன்னிக்கு ஒருநாள் கையால எழுதிக்கோங்க, நாளன்னிக்கு வந்து பார்க்கேன்"னு சொல்லிட்டேன். தராசோட முகத்துல எடை தெரியுது, பேனா இருக்கு, நோட்டு இருக்கு, என்ன ஆகிடப் போகுதுன்னு நினைச்சேன்.

என்ன ஆச்சு தெரியுமா? மேக்கரையில இருந்து ஒரு ஆச்சி, சொந்தத் தோட்டத்து மாங்காயை லோடு ஆட்டோவுல கொண்டு வந்திருக்காங்க. தராசு காட்டினது 84.5 கிலோ. அவசரத்துல கடைப் பையன் நோட்டுல எழுதினது 48.5. முப்பத்தாறு கிலோ காணாமப் போச்சு. அன்னிக்கு விலை கிலோ முப்பது ரூபா. ஆயிரத்து எண்பது ரூபா. ஆச்சி ஒண்ணும் சொல்லாம காசை வாங்கி முடிஞ்சுக்கிட்டுப் போயிட்டாங்க. மறுநாள் பேரன் கணக்குப் பார்த்துட்டு வந்து நின்னான். அண்ணாச்சி பதறிப்போய் காசைக் கொடுத்துட்டார். கொடுத்து என்ன? அடுத்த வாரம் அந்த ஆட்டோ நம்ம கடை வாசல்ல நிக்காம வடகரைப் பக்கம் போயிடுச்சு. முப்பது வருஷப் பழக்கம் சார் அது.

இதுக்கு நடுவுல சர்வீஸ் ஆள் வந்திருக்கார். கேபிளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு, "கேபிள் அவுட்டு சார், புதுசு போடணும்"னார். அறுநூத்தம்பது ரூபா. புதுசைப் போட்டும் எடை வரலை. உடனே தீர்ப்பை மாத்திட்டார். "அப்ப தராசுல போர்டு போயிருச்சு. மாத்தணும். நாலாயிரத்து ஐநூறு ஆகும்."

நான் ஊருக்கு வந்ததும் செஞ்ச முதல் காரியம், அந்த 'செத்துப்போன' கேபிளை எடுத்துக்கிட்டு வீட்டுக்குப் போய், அக்கா மகன் ஸ்கூல்ல வாங்கின அரசாங்க லேப்டாப்பைக் கொண்டு வந்தது. அதுல நான் லினக்ஸ் போட்டு வச்சிருக்கேன். கடையிலேயே உட்கார்ந்து தராசையும் லேப்டாப்பையும் அதே பழைய கேபிளால இணைச்சேன். அஞ்சு நிமிஷம். எடை வரிவரியா கொட்டுது. தராசு உயிரோட இருக்கு. கேபிளும் உயிரோட இருக்கு.

"கேபிள் போகலை அண்ணாச்சி. டிரைவர்தான் போச்சு."

"டிரைவர் எங்கலே போனான்? இப்பதான டீ குடிச்சிட்டு வண்டில ஏறினான்?"

:-)

அந்த டிரைவர் இல்லை. முந்தின நாள் ராத்திரி கம்ப்யூட்டர் தன்னால ஒரு அப்டேட்டை இழுத்துப் போட்டிருக்கு. அதோட கேபிளுக்கான புது டிரைவரும் வந்திருக்கு. அந்தப் புது டிரைவருக்கு நம்ம பழைய கேபிளைப் பிடிக்கலை. டிவைஸ் மேனேஜர்ல ஒரு மஞ்சள் முக்கோணம், அவ்வளவுதான். பழைய டிரைவருக்குத் திருப்பி விட்டேன். பத்து நிமிஷ வேலை. அண்ணாச்சி காபி வாங்கிக் கொடுத்தார். எனக்கு இறங்கலை.

யாரு சிப்பு, யாரு டிரைவர்னு பேர் சொல்லப் போறதில்லை. வம்பு வேண்டாம். ஒரே ஒரு கம்பெனி பண்ற வேலைன்னா திட்டிட்டுப் போயிடலாம். இது ஒரு பழக்கம். நான் பேச வந்தது அந்தப் பழக்கத்தைப் பத்தி.

நிற்க.

தெரியாதவங்களுக்காக ரெண்டு வரி. டிரைவர்ங்கிறது கருவிக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவுல நிக்கிற மொழிபெயர்ப்பாளர். நம்ம தராசு பேசுறது 1960-ல வந்த ஆர்எஸ்-232 பாஷை. கம்ப்யூட்டர் பேசுறது 1996-ல வந்த யூஎஸ்பி பாஷை. நடுவுல கேபிளுக்குள்ள ஒரு சின்ன சிப். அந்தச் சிப்பை வேலை வாங்கத் தெரிஞ்ச நிரல்தான் டிரைவர். நேத்து வரைக்கும் ஓடின ஒண்ணு, புதுப் பதிப்பு வந்த காரணத்தாலேயே நின்னு போனா அதுக்கு இங்கிலீஷ்ல 'ரெக்ரஷன்'னு பேர். நான் பின்னடைவுன்னு சொல்றேன். சாதாரண பிழைக்கும் பின்னடைவுக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. பிழைன்னா ஒரு வேலை ஆரம்பத்துல இருந்தே நடக்கலை. பின்னடைவுன்னா நடந்துக்கிட்டு இருந்ததை ஒருத்தர் வந்து நிறுத்திட்டார். முதலாவது குறை. ரெண்டாவது வாக்குத் தவறுறது.

என் கட்சி இதுதான்: ஓடிக்கிட்டிருந்த கருவி ஒரு அப்டேட்டால நின்னா, தப்பு அப்டேட் மேலதான். கருவி மேல இல்லை, அதை வாங்கினவன் மேலயும் இல்லை. அதைச் சரி பண்ண வேண்டிய கடமையும் டிரைவர் எழுதினவருக்குத்தான். 'புதுசு வாங்கிக்கோ'ங்கிறது சரி பண்றது ஆகாது.

இதைச் சொன்னா உடனே மூணு விதமா எதிர்வாதம் வரும். ஒவ்வொண்ணா பார்ப்போம்.

ஒண்ணு: "போலிச் சிப் வாங்கினா அப்படித்தான்"

இதுக்கு உலகம் முழுக்கத் தெரிஞ்ச கதை ஒண்ணு இருக்கு. ஸ்காட்லாந்துல கிளாஸ்கோவைச் சேர்ந்த எஃப்டிடிஐ கம்பெனி, இந்த யூஎஸ்பி-சீரியல் சிப்புக்குப் பேர் போனது. அவங்க சிப்பைப் பார்த்து போலிகள் நிறைய வந்தது. அது உண்மையான பிரச்சனைதான், அவங்க நஷ்டத்தை நான் மறுக்கலை. ஆனா 2014 அக்டோபர்ல அவங்க என்ன பண்ணினாங்க? விண்டோஸ் அப்டேட் வழியா வந்த அவங்க டிரைவர், போலின்னு கண்டுபிடிச்ச சிப்போட அடையாள எண்ணையே மாத்தி எழுதிடுச்சு. ஒவ்வொரு யூஎஸ்பி கருவிக்கும் ரெண்டு எண் உண்டு, ஒண்ணு தயாரிப்பாளர் எண், இன்னொண்ணு பொருள் எண். 0403, 6001-னு இருந்ததை 0403, 0000-னு ஆக்கிட்டாங்க. அது சிப்போட நினைவகத்துலேயே எழுதப்படுறதால வேற கம்ப்யூட்டர்ல கொண்டு போய்ச் செருகினாலும் கருவி அடையாளம் தெரியாத பிணம்.

பெரிய கூச்சல் கிளம்பி, அதே மாசம் அந்த டிரைவரை அப்டேட்ல இருந்து எடுத்துட்டாங்க. திருந்திட்டாங்கன்னு நினைக்கிறீங்களா? 2016-ல இன்னொரு டிரைவர் வந்தது. இந்தத் தடவை சிப்பைக் கொல்லலை. தகவல் போக வேண்டிய இடத்துல 'அசல் அல்லாத கருவி'ன்னு இங்கிலீஷ்ல எழுதி அனுப்பிச்சு. யோசிச்சுப் பாருங்க. ஆச்சியோட மாங்காய்க்கு எடை வர வேண்டிய கட்டத்துல 'நீ போலி'ன்னு வந்து நின்னா எப்படி இருக்கும்?

போலி பண்ணினவன் எங்கேயோ ஒரு பட்டறையில இருக்கான். அவனுக்கு எண் மாறினா என்ன, பேர் மாறினா என்ன, அவன் காசை எப்பவோ வாங்கிட்டான். நடுவுல இறக்குமதி பண்ணினவன், மொத்த வியாபாரி, சில்லறைக் கடைக்காரர் எல்லாரும் காசை எண்ணி முடிச்சாச்சு. அடி விழுந்தது யார் மேல? கேபிளைப் பிரிச்சுப் பார்த்தாலும் அசலா போலியான்னு கண்டுபிடிக்கத் தெரியாத கடைசி ஆள் மேல. கள்ள நோட்டு அடிச்சவனை விட்டுட்டு, அது கைக்கு வந்து சேர்ந்த பாட்டியோட சுருக்குப் பையைக் கொளுத்துற நியாயம் இது.

இதே நேரத்துல லினக்ஸ்ல என்ன நடந்தது தெரியுமா? அதே 2014 அக்டோபர்ல ஒருத்தர் ஒரு திருத்தம் அனுப்பினார். 0403, 0000-ன்னு வர்ற கருவியையும் ஏத்துக்கோன்னு அதுல ஒரு எண் கூடியிருந்தது. சேர்த்துக்கிட்டாங்க. மூலநிரல்ல அந்த எண்ணுக்கு வச்ச பேர் 'பிரிக்', அதாவது செங்கல். செங்கல்லா போனதையும் திரும்ப வேலைக்கு எடுத்துக்கிட்டாங்க. ஒரே சிப்பு, ஒரே மாசம், ரெண்டு டிரைவர், ரெண்டு மனசு.

ரெண்டு: "பழைய சாமானை எத்தனை நாள் கட்டி அழுவீங்க?"

இதைச் சொல்றவங்க பெரும்பாலும் ரெண்டு வருஷத்துக்கு ஒரு போன் மாத்துறவங்க. ஒரு தராசு பதினஞ்சு வருஷம் உழைக்கும். லேத் மெஷினுக்கும் பரிசோதனைக் கூடத்துக் கருவிக்கும் ஆயுசு அதுக்கும் மேல. அதுங்களுக்கு முதுகுல இருக்கிறது சீரியல் போர்ட். புது லேப்டாப்ல சீரியல் போர்ட் கிடையாது. அதனால இந்தச் சின்ன கேபிள் போனா, பின்னாடி இருக்கிற பெரிய மெஷினும் ஊமை ஆயிடும். முன்னூறு ரூபா பொருளை ஒதுக்குறோம்னு அவங்க நினைக்கிறாங்க. ஒதுக்குறது முப்பதாயிரம் ரூபா பொருளை.

இன்னொரு பிரபலமான சிப்பு, தைவானின் புரோலிஃபிக் கம்பெனியோடது. அவங்க விண்டோஸ் டிரைவர்ல பழைய சிப்பைச் செருகினா, கருவியோட பேர் வர்ற இடத்துல 'இது 2012-லேயே நிறுத்தப்பட்டது, விற்றவரை அணுகவும்'ங்கிற அர்த்தத்துல இங்கிலீஷ்ல ஒரு வரி வரும். அட, இதுவாவது காரணத்தைச் சொல்லுது, வெறும் முக்கோணத்துக்கு இது எவ்வளவோ மேல். ஆனா விற்றவரை எங்க போய் அணுகுறது? ரிச்சி ஸ்ட்ரீட்ல பிளாட்பாரத்துல துணி விரிச்சு வித்தவரையா? உற்பத்தியை நிறுத்துறது உங்க உரிமை, யாரும் கேட்க மாட்டாங்க. வித்த பொருளுக்கு ஓடிக்கிட்டு இருந்த டிரைவரை நிறுத்துறது வேற கணக்கு.

மூணு: "அப்டேட்டை நிறுத்திட்டாப் போச்சு"

இதுதான் ரொம்ப ஆபத்தான யோசனை. அண்ணாச்சி அன்னிக்கே என்கிட்ட கேட்டது இதுதான். "இனிமே அந்த அப்டேட்டே வராம பூட்டிருலே." நானும் பூட்டிட்டேன். மனசு உறுத்திக்கிட்டே இருக்கு.

2017 மே மாசம் வானாக்ரைன்னு ஒரு வைரஸ் உலகம் முழுக்க கம்ப்யூட்டர்களைப் பூட்டிப் போட்டு பணம் கேட்டது ஞாபகம் இருக்கா? பிரிட்டன்ல ஆஸ்பத்திரிகளே தடுமாறிப் போச்சு. அந்த ஓட்டையை அடைக்கிற அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச் மாசமே வெளியிட்டாச்சு. ரெண்டு மாசமா அதைப் போடாம இருந்தவங்கதான் அதிகமா மாட்டினாங்க. ஏன் போடலை? சோம்பல் ஒரு காரணம். பயம் இன்னொரு காரணம். 'அப்டேட் போட்டா எது நிக்குமோ'ங்கிற பயம். அந்தப் பயத்தைச் சொல்லிக் கொடுத்தது யார்? இந்த மாதிரி பின்னடைவுகள்தான். ஒரு டிரைவர் ஒரு தராசை நிறுத்துறதோட கதை முடியறதில்லை. அந்தக் கடைக்காரர் அதுக்கு அப்புறம் எந்த அப்டேட்டையும் நம்ப மாட்டார். கதவுல பூட்டு மாத்த வந்தவன் அடுப்பை உடைச்சிட்டுப் போனா, அடுத்த தடவை பூட்டு மாத்த யாரை உள்ள விடுவோம்?

இதை உலகத்துலேயே உரக்கச் சொன்னவர் லினக்ஸை உருவாக்கின லைனஸ் டோர்வால்ட்ஸ். 2012 டிசம்பர்ல, 3.8 கெர்னல் தயாராகிட்டு இருந்த நேரம். யூவிசி வீடியோன்னு யூஎஸ்பி கேமராக்களுக்கான டிரைவர்ல ஒரு சின்ன மாற்றம். பிழை வந்தா திருப்பிக் கொடுக்கிற எண் மாறிப் போச்சு, அவ்வளவுதான். அதனால ஒலி சம்பந்தப்பட்ட பயனர் நிரல்கள் தடுமாறின. பராமரிப்பாளர் ஒருத்தர், தப்பு அந்த நிரல்கள் பக்கம்தான் இருக்கும்னு சொல்லப் போக, டோர்வால்ட்ஸ் கொதிச்சுட்டார். ஒரு மாற்றத்தால பயனர் நிரல் உடைஞ்சா அது கெர்னலோட தப்பு, பயனர் நிரலைக் குத்தம் சொல்லவே கூடாது, இதுதான் முதல் விதின்னு எழுதினார். எழுதின பாஷை அசிங்கம்தான், அதுல எனக்கும் உடன்பாடு இல்லை. தன்னோட பேச்சு நடைக்காக 2018-ல அவரே பொதுவுல மன்னிப்புக் கேட்டு, கொஞ்ச நாள் ஒதுங்கியும் இருந்தார். ஆனா பாஷைக்குத்தான் மன்னிப்பு, விதிக்கு இல்லை. விதி இன்னிக்கும் நிக்குது.

சரி, லினக்ஸ்காரன் விளம்பரம் ஆரம்பிச்சுட்டான்னு கிளம்பிடாதீங்க. அங்கேயும் பின்னடைவு வருது. வந்தா எப்படித் திருத்துறாங்கங்கிறதுலதான் விஷயம் இருக்கு. 2021-ல நடந்ததைச் சொல்றேன்.

மேல சொன்ன புரோலிஃபிக் சிப்புக்கு லினக்ஸ்ல பிஎல்2303-ன்னு ஒரு டிரைவர் உண்டு. இந்தச் சிப்புல பல வகை, ஆனா ரொம்ப வகைகள் ஒரே தயாரிப்பாளர் எண், ஒரே பொருள் எண்ணோட வரும். எங்க ஊர்ல திருமலைக் குமாரசாமி கோயில் இருக்கிறதால தெருவுக்கு நாலு குமாரசாமி. "குமாரசாமியைக் கூப்பிடு"ன்னா போதாது, மில்லு குமாரசாமியா, தபால்கார குமாரசாமியான்னு கேட்கணும். அதே பாடுதான் டிரைவருக்கும். எந்த வகைன்னு தெரிஞ்சாத்தான் அதுக்கு ஏத்த கட்டளையைக் கொடுக்க முடியும். தப்பா கணிச்சா வேகமும் அமைப்பும் மாறி எழுத்தெல்லாம் குப்பையா வரும். அதனால 2021-ல அந்தக் கணிப்பை இன்னும் கறாரா ஆக்கினாங்க. நோக்கம் நல்ல நோக்கம். கருவி தன்னைப் பத்திச் சொல்ற வெளியீட்டு எண்ணைப் பார்த்து வகையை முடிவு பண்றது, தெரிஞ்ச எண் இல்லைன்னா உள்ளே விடாம நிறுத்திடறது.

இங்கதான் இடிச்சது. ஹெச்எக்ஸ்ங்கிற வகையில அந்த வெளியீட்டு எண்ணை கேபிள் தயாரிக்கிறவர் தன் இஷ்டத்துக்கு மாத்தி எழுதிக்கலாம். குமாரசாமியை அவர் போட்டிருக்கிற சட்டையை வச்சு அடையாளம் பிடிச்ச மாதிரி ஆச்சு. சட்டையை மாத்திட்டு வந்தா 'நீ யாருன்னே தெரியாது'ன்னு வாசல்லயே நிறுத்திட்டாங்க. அதுவரைக்கும் ஓடின கேபிள்கள் சில, புதுக் கெர்னல்ல ஓடலை.

ஆனா ஒண்ணு கவனிங்க. அந்த டிரைவர் கருவியை நிறுத்தும்போது சும்மா நிறுத்தலை. 'அறியாத வகைக் கருவி, தயவுசெய்து தெரிவியுங்கள்'ங்கிற அர்த்தத்துல பதிவேட்டுல ஒரு வரியும், எந்த முகவரிக்கு எழுதணும்ங்கிறதையும் சேர்த்துப் போட்டது. பயனர் எழுதினார். திருத்தம் வந்தது. அந்தத் திருத்தமும் என்ன? பழைய யூஎஸ்பி 1.1 கருவி, வெளியீட்டு எண் புரியலைன்னா, அதை ஹெச்எக்ஸ்னு எடுத்துக்கோ, உள்ளே விடு. புது வகைகளுக்கு மட்டும் தனியா சோதனை. அப்புறம் வேற ஒண்ணு ரெண்டு வகைக்கும் இதே மாதிரி இடறி, அந்த வருஷமே அடுத்தடுத்து திருத்தினாங்க. யாரும் யாரையும் 'புது கேபிள் வாங்கு'ன்னு சொல்லலை.

ஒரு பின்னடைவைத் திருத்துறதுன்னா இதுதான். சந்தேகம் வந்தா பழையவனுக்குச் சாதகமா முடிவெடு. நிறுத்தியே ஆகணும்னா ஏன்னு சொல்லு. யார்கிட்ட முறையிடணும்னும் சொல்லு.

இப்ப அடுத்த அடி. இது நமக்கு.

மேல சொன்ன கதையில எல்லாத்துக்கும் ஆரம்பம் எது? யாரோ ஒருத்தர் உட்கார்ந்து எழுதினது. அந்த ஒருத்தர் எழுதாம, 'சே, கேபிள் போச்சு'ன்னு தூக்கிப் போட்டிருந்தா அந்த டிரைவர் அப்படியேதான் இருந்திருக்கும். தப்பு பண்ணினவருக்குத் தான் தப்பு பண்ணினதே தெரியாது. அவர் மேசையில இருக்கிற நாலு கேபிளும் ஓடுது. நம்ம ஊர் தராசை அவர் எங்க பார்த்தார்?

நாம என்ன பண்றோம்? ஒண்ணு, புதுசு வாங்குறோம். இல்லைன்னா பழைய டிரைவரைத் தேடிப் போட்டுட்டு 'ஓடிருச்சு'ன்னு வாயை மூடிக்கிறோம். நானும் அதைத்தான் பண்ணினேன். பத்து நிமிஷத்துல திருப்பிப் போட்டுட்டு காபி குடிச்சிட்டு வந்துட்டேன். என் மாதிரி எத்தனை கடை, எத்தனை தராசு அன்னிக்கு நின்னிருக்கும்? ஒருத்தராவது எழுதினோமா? "நமக்கு எதுக்குங்க, நாம கிராமத்துல இருக்கோம்"னு இனிமே சொல்லக் கூடாது. பக்கத்துல மத்தளம்பாறையில 2011-லேயே ஸோஹோ ஆபீஸ் வந்தாச்சு. தென்காசியில உட்கார்ந்து உலகத்துக்கே மென்பொருள் எழுதுறாங்க. தென்காசியில இருந்து ஒரு புகார் எழுத முடியாதா?

பெரிய இங்கிலீஷ் எல்லாம் வேண்டாம். நாலு வரி போதும். என்ன கருவி, அதோட ரெண்டு எண் என்ன. எந்தப் பதிப்பு வரைக்கும் ஓடிச்சு. எந்தப் பதிப்புல நின்னுச்சு. பதிவேட்டுல என்ன வரி வந்துச்சு. இதுல ரெண்டாவது, மூணாவது வரிதான் தங்கம். 'ஓடலை'ன்னு சொன்னா ஒருத்தரும் திரும்பிப் பார்க்க மாட்டாங்க. 'நேத்து ஓடிச்சு, இன்னிக்கு ஓடலை'ன்னு சொன்னா தேட வேண்டிய இடம் சட்டுனு சுருங்கிடும்.

கொஞ்சம் பொறுமை இருந்தா இன்னும் ஒரு படி போகலாம். லினக்ஸ் கெர்னல்ல ஒரு பதிப்புக்கும் அடுத்ததுக்கும் நடுவுல பத்தாயிரத்துக்கு மேல மாற்றங்கள் இருக்கும். அதுல எது குத்தவாளின்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? சரிபாதியில ஒரு பதிப்பை எடுத்துச் சோதிக்கணும். ஓடினா குத்தவாளி பின்பாதியில, ஓடலைன்னா முன்பாதியில. அந்தப் பாதியை மறுபடி பாதியாக்கணும். 'கிட் பைசெக்ட்'னு இதுக்கு ஒரு வசதியே இருக்கு. பதினாலு தடவை பாதியாக்கினா பதினாறாயிரம் மாற்றத்துல இருந்து ஒத்தை மாற்றத்துக்கு வந்துடலாம். டிரைவர் எழுதத் தெரிய வேண்டாம், சி மொழி தெரிய வேண்டாம். கேபிளைச் செருகி, 'ஓடுது', 'ஓடலை'ன்னு சொல்லத் தெரிஞ்சா போதும். பழைய லேப்டாப்ல கெர்னலைத் திரும்பத் திரும்பக் கட்டுறதுக்கு ரெண்டு மூணு நாள் ஆகும், அதை மறைக்கலை.

காபி குடிச்சிட்டு வந்த குத்த உணர்ச்சி தாங்காம, ரெண்டு வாரம் கழிச்சு நானும் அந்தப் பேர் சொல்லாத கம்பெனிக்கு நாலு வரி எழுதினேன். எண்கள், பழைய பதிப்பு, புதுப் பதிப்பு எல்லாம் போட்டு. 'உங்கள் மடல் கிடைத்தது'ன்னு இயந்திரம் ஒரு பதில் போட்டது. அதோட சரி. அவங்க டிரைவரோட மூலநிரல் மூடினது, நான் பாதியாக்கித் தேடவும் முடியாது, யார் மாத்தினான்னு பார்க்கவும் முடியாது. கதவைத் தட்டலாம், அவ்வளவுதான். இருந்தாலும் தட்டணும்ங்கிறேன். நூறு பேர் தட்டினா உள்ளே யாராவது எழுந்திருப்பாங்க. 2014-ல எழுந்தாங்களே!

கடைசியா மூணு கோரிக்கை.

டிரைவர் எழுதுறவங்களுக்கு: எந்தக் கருவியையும் நிறுத்துற மாற்றத்தை 'மேம்பாடு'ன்னு சொல்லி ராத்திரியில தள்ளாதீங்க. பழைய பதிப்பைத் திரும்ப எடுக்கிற வழியை அடைக்காதீங்க. நிறுத்தினா காரணத்தை மனுஷ பாஷையில சொல்லுங்க.

சர்வீஸ் பண்றவங்களுக்கு: வாயைத் திறந்து 'கேபிள் அவுட்டு'ன்னு சொல்றதுக்கு முன்னாடி, அதை வேற ஒரு கம்ப்யூட்டர்ல செருகிப் பாருங்கய்யா. அஞ்சு நிமிஷம். 'நேத்து ஏதாவது அப்டேட் ஆச்சா'ன்னு ஒரு கேள்வி கேளுங்க. உங்க பிழைப்பைக் கெடுக்கச் சொல்லலை. நாலாயிரத்து ஐநூறு ரூபா போர்டு நல்லா இருக்கும்போதே கழட்டுறது பிழைப்பு இல்லை.

நமக்கு: எழுதுங்க. இங்கிலீஷ் தப்பா இருந்தாலும் எழுதுங்க. எண் சரியா இருந்தா போதும்.

அண்ணாச்சி கடையில இப்போ எடை ஒழுங்கா ஏறுது. இந்த வருஷ மாங்காயும் வந்து போயிடுச்சு. ஒரு மூட்டையில கூட எண் மாறலை. மேக்கரை ஆச்சியோட ஆட்டோ மட்டும் இன்னும் வரலை. அதுக்கு என்ன டிரைவர் போடுறதுன்னு எனக்குத் தெரியலை.

பி.கு: அந்த அறுநூத்தம்பது ரூபா புது கேபிள் இப்போ என்கிட்டதான் இருக்கு. பழைய டிரைவர்ல அதுவும் ஜோரா ஓடுது. அண்ணாச்சி, "நீயே வச்சுக்கோ, பார்க்கும்போதெல்லாம் எரிச்சலா வருது"ன்னு கொடுத்துட்டார். எனக்கும்தான் எரிச்சலா வருது. அதான் இந்தப் பதிவு.